இரட்டைக் கோடு

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு இந்த வருடமும் நான்தான் விலங்கியல். கோவில்பட்டி வெயில் இன்னும் மே மாதத்திலேயே நிற்கிறது.

நிலவனுக்குக் கொடுக்கும் மாத்திரை, அவனுக்கு வரும் காய்ச்சல், ரத்தம் ஏற்றும் நாள் எல்லாவற்றையும் எழுதி வைக்கும்படி டாக்டர் பர்வீன் சொல்லியிருக்கிறார். அதற்கு ஒரு நாளைக்கு இரண்டு வரிகூட ஆகாது. மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. விடைத்தாளில் பாதிப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போகும் பிள்ளைகளைத் திட்டுகிறவள் நான். ஆகவே மிச்ச இடத்தில் என் பாட்டை எழுதுவதாக இருக்கிறேன்.

மாத்திரை: தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டதாகச் சொல்கிறான். வாஷ்பேசினில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

ஜூன் 15, சனி

மதுரை. நிலவனுக்கு ரத்தம் ஏற்றினோம். "இந்தக் கையில நல்ல நரம்பு இருக்கு சிஸ்டர்" என்று அவனே காட்டிக் கொடுக்கிறான். எட்டு வயதுப் பையனுக்குத் தெரிய வேண்டிய விஷயமா அது? பெருமையாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது.

அவனுக்கு இருப்பது தலசீமியா. அவன் உடம்புக்கு ஹீமோகுளோபின் செய்யத் தெரியவில்லை. யாரோ கொடுத்த ரத்தத்தில் இரண்டு வாரம் ஓடியாடுகிறான், மூன்றாவது வாரம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். மறுபடி மதுரை. ஏற்றுகிற ரத்தத்தில் உள்ள இரும்பெல்லாம் ஈரலில் தங்குகிறது. அதை வெளியேற்றத்தான் அந்த மாத்திரை. வெளியேறுவதைவிடச் சேர்வதுதான் அதிகம் என்று இன்று டாக்டர் சொன்னார். பத்து வயதுக்குள் எலும்பு மஜ்ஜையை மாற்றிவிட வேண்டுமாம். ஈரல் கெட்டபின் செய்தால் பிழைப்பதே கஷ்டம் என்றார். செலவுக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. மஜ்ஜை கொடுக்க முழுதாகப் பொருந்துகிற ஆள்தான் வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் சோதனை எடுத்துவிடலாம் என்றார். எல்லோரும் என்றால் நானும் இலக்கியாவும்தான் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், மேலே கேட்கவில்லை.

நிலவனின் அக்கா இலக்கியாவுக்குப் பன்னிரண்டு வயது. கூட வந்திருந்தவள், ஊசி என்று நினைத்துத் தைரியம் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்துவிட்டுப் போகலாம் என்றதும் ஏமாந்துபோனாள்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவின் தம்பி திருப்பூரிலிருந்து பேசினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவார். நான் துணி எடுக்க மாடிக்குப் போனேன். துணி இன்னும் காயவில்லை.

ஜூன் 27, வியாழன்

நியூக்ளிக் அமிலங்கள் ஆரம்பித்தேன். பிள்ளைகள் முகத்தில் தூக்கம். புத்தகத்தை மூடச் சொன்னேன்.

உங்களை உண்டாக்கத் தேவையான சமாச்சாரம் எல்லாம் நான்கே எழுத்தில் எழுதியிருக்கிறது என்று சொன்னேன். தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு வேண்டியிருக்கிறது, உடம்புக்கு நான்கு போதும். மூன்று மூன்று எழுத்தாக எடுத்தால் ஒரு சொல். ஒரு சொல்லுக்கு ஓர் அமினோ அமிலம். டி.என்.ஏ. என்பது பூட்டி வைத்த மூலப்பிரதி. அதை வெளியே கொண்டுவரக் கூடாது, அதனால் ஆர்.என்.ஏ. என்று ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்புகிறது செல். நகலைப் படித்துப் படித்துப் புரதம் கட்டுகிறார்கள். மூலத்தில் ஓர் எழுத்து பிசகினால் நகலும் பிசகும். சில இடத்தில் பிசகினால் ஒன்றும் ஆகாது. சில இடத்தில் பிசகினால், படித்துக்கொண்டு வந்தவர் பாதியிலேயே முற்றுப்புள்ளி என்று நினைத்து வேலையை நிறுத்திவிடுவார்.

"அந்த ஒரு எழுத்த அழிச்சுட்டுத் திருத்தி எழுத முடியாதா டீச்சர்?" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். அவளுக்கும் தெரியும், வகுப்புக்கே தெரியும், என் வீட்டில் யாருக்கு எந்த எழுத்து பிசகியிருக்கிறது என்று. சின்ன ஊர்.

ஜூலை 5, வெள்ளி

நிலவனுக்குக் காய்ச்சல், நூற்றொன்று. மாத்திரை கொடுத்தேன், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்.

ஜூலை 12, வெள்ளி

சோதனை முடிவு வந்தது. இலக்கியா பாதிதான் பொருந்துகிறாள். நானும் பாதி. என்னுடையது எதிர்பார்த்ததுதான், தாயோ தகப்பனோ பிள்ளைக்குப் பாதிதான் பொருந்துவார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இலக்கியாவுக்கு விளக்கினேன். பொருத்தம் பார்க்கிற மரபணுக்கள் எல்லாம் ஆறாவது குரோமோசோமில் ஒரே கட்டாக இருக்கின்றன. பிரிக்காமல் அந்தக் கட்டாகவே பிள்ளைக்கு வரும். அப்பாவிடம் இரண்டு கட்டு, அ, ஆ. அம்மாவிடம் இரண்டு கட்டு, இ, ஈ. ஆளுக்கு ஒன்று தருவார்கள். தம்பிக்கு எந்த இரண்டு வந்ததோ, அதே இரண்டு அக்காவுக்கும் வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. நமக்கு விழவில்லை, அவ்வளவுதான்.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நான் பாஸ் பண்ணலியாம்மா?" என்று கேட்டாள். இது பரீட்சை இல்லை என்றேன். பாயில் படுத்தபிறகும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பாடம் நடத்தாமல் கட்டிப்பிடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி

மஜ்ஜை கொடுக்கப் பதிவு செய்து வைத்திருக்கும் வெளி ஆட்களில் யாரும் நிலவனுக்குப் பொருந்தவில்லை. சென்னையில் மஜ்ஜை மாற்றும் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார் டாக்டர் பர்வீன். ரத்தம் ஏற்றினோம். நிலவன் மதுரையில் ஜிகர்தண்டா கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சென்னை போய் வந்தேன். அங்கே மரபியல் ஆலோசகர் ஒருவர், ஜோயல் என்று பெயர், என் மாணவன் வயதுதான் இருக்கும். பாதிப் பொருத்தத்திலும் மஜ்ஜை மாற்றலாம் என்றார். ஆனால் புது மஜ்ஜை ஒட்டாமல் போவதும், ஒட்டிய மஜ்ஜை பிள்ளையின் உடம்பையே தாக்குவதும் அதில் அதிகமாம். எத்தனை பிள்ளைகள் பிழைக்கவில்லை என்று கேட்டேன். சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு குடும்பக் கொடிவழி வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். என் வட்டத்துக்கும் பிள்ளைகளின் அப்பா சதுரத்துக்கும் நடுவில் ஒரு கோடு போட்டார். கல்யாணத்துக்கு முன்பே சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோட்டுக்கு மேலேயே இன்னொரு கோடு போட்டார். நெருங்கிய உறவில் கல்யாணம் என்பதற்கு அதுதான் குறி, நானே கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். எனக்குப் போடும்போது மட்டும் அடிக்கோடு போட்டுத் தப்பைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

இதுவரை எழுதாமல் ஓட்டிவிட்டேன், இனி முடியாது. அம்மாவின் தம்பி என்று நான் எழுதிவருகிறவர்தான் பிள்ளைகளின் அப்பா. திருமலைக்கொழுந்து. அம்மாவின் கடைசித் தம்பி, என் தாய்மாமன், என்னைவிட எட்டு வயது பெரியவர், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். என் அப்பா இறந்த வருடம் அம்மா முடிவு செய்தாள். நான் பி.எஸ்சி. முதல் வருடம். வெளியே கொடுத்தால் யார் பார்ப்பார்கள் என்றாள், தேதி குறித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். அவர் குறை வைக்கவில்லை. எம்.எஸ்சி., பி.எட். எல்லாம் அவர் படிக்க வைத்ததுதான், பரீட்சை முடியும்வரை வாசலில் வண்டியோடு நிற்பார். நிலவனுக்கு நோய் என்று தெரிந்தபோது, எங்கள் இருவருக்கும் ஒரே எழுத்து ஒரே இடத்தில் பிசகியிருக்கிறது, உங்கள் குடும்ப வழியில் வந்தது என்று சொன்னார்கள். அதன் பிறகு எனக்கு அவரைப் பார்த்தாலே பொறுக்கவில்லை. நிலவனுக்கு நாலு வயதில், ரத்தம் கிடைக்காமல் மதுரை முழுக்க அலைந்துவிட்டு வந்த ஒரு நாள், நான் சில வார்த்தைகள் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் மறுநாள் திருப்பூர் போனார்.

அப்பாவுக்கும் சோதனை எடுத்துவிடலாமே என்றார் ஜோயல். பெற்றவர்கள் பாதிதானே பொருந்துவார்கள், நான் பாடமே நடத்துகிறேன் என்றேன். "பொதுவா அப்படித்தான் மேடம்" என்றார். அந்தப் 'பொதுவா'வைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது, எழும்பூரில் உட்கார்ந்து விடைத்தாள்கள் திருத்தினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

வகுப்புக்குச் செய்முறை வேலை கொடுத்தேன். காதுமடல் ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா என்று வீட்டில் எல்லோருக்கும் பார்த்து, மூன்று தலைமுறைக்குக் கொடிவழி வரைந்து வர வேண்டும். சதுரம், வட்டம், கோடு, எல்லாம் ஸ்கேல் வைத்து.

ஆகஸ்ட் 29, வியாழன்

கொடிவழிகள் திருத்தினேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளதுபோல் மேலிருந்து கீழே அழகாகக் கிளை பிரிகின்றன. ஆவுடையம்மாள் வரைந்தது மட்டும் குளறுபடி. தாத்தா பாட்டிக்குக் கீழே வந்த ஒரு சதுரத்திலிருந்து கோடு கீழே இறங்கி, அடுத்த தலைமுறை வட்டத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. 'தவறு. கோடு இப்படித் திரும்பி வராது. மறுபடி வரைக' என்று சிவப்பில் எழுதினேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஆவுடையம்மாள் சார்ட்டோடு வந்து நின்றாள். அழவில்லை, கோபமாகத்தான் இருந்தாள்.

"இது தப்பில்ல டீச்சர். எங்க அப்பா எங்க அம்மாவுக்குத் தாய்மாமன். ஒரே ஆள ரெண்டு இடத்துல போட்டா ரெண்டு பேருன்னு ஆயிரும்லா?"

அப்படியென்றால் மற்றவர்கள் வீட்டில் யாருக்கும் சொந்தத்தில் கல்யாணம் இல்லையா என்று வகுப்பைக் கேட்டேன். ஒவ்வொரு கையாகத் தூக்கினார்கள். படம் ஒழுங்காக வர வேண்டுமே என்று ஒருத்தி இல்லாத மாமா ஒருவரை உண்டாக்கியிருக்கிறாள். இன்னொருத்தி அம்மாவுக்கு அத்தை மகனான அப்பாவை வெளியூர்க்காரர் ஆக்கிவிட்டாள். அந்த இல்லாத மாமாவுக்குக் காதுமடல் தொங்குவதாக நான் டிக் வேறு போட்டிருக்கிறேன். சிரித்துவிட்டேன். வகுப்பும் சிரித்தது. ஆவுடையம்மாளின் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன்.

சிரிப்பு வீடு வரை வரவில்லை. இலக்கியாவுக்கு நான் சொன்ன கணக்கை ஒரு தாளில் மறுபடி எழுதினேன். அப்பாவுக்கு அ, ஆ. அம்மாவுக்கு இ, ஈ. இது யார் வீட்டுக் கணக்கு? என் வீட்டுக் கணக்கு இல்லை. எனக்கு என் அப்பாவிடமிருந்து வந்தது ஈ, சரி. இன்னொன்று என் அம்மா கொடுத்தது. அவள் யார்? பிள்ளைகளின் அப்பாவுடைய உடன்பிறந்த அக்கா. அவள் கொடுத்த கட்டும் அவரிடம் இருக்கும் கட்டும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்தவை. என்னிடம் இருப்பது இ என்று எப்படி எழுதினேன்? அது ஆ-வாக இருக்கலாம். இருந்தால், நிலவனுக்கு அவரிடமிருந்து அ-வும் என்னிடமிருந்து ஆ-வும் வந்திருக்கலாம். அப்படியானால் பிள்ளைக்கும் தகப்பனுக்கும் இரண்டு கட்டும் ஒன்று. முழுப் பொருத்தம்.

கணக்குப் போட்டால் எட்டில் ஒரு வாய்ப்பு வருகிறது. சின்ன வாய்ப்புதான். கூடப் பிறந்தவளுக்கே நாலில் ஒன்றுதான், அதற்கு ஓடி ஓடிப் பார்த்தேனே. ஜோயல் சொல்ல வந்தது இதைத்தான். முன்பின் சொந்தமில்லாத இரண்டு பேருக்கு எழுதிய பாடத்தை என் வீட்டுக்கு வைத்துப் பார்த்திருக்கிறேன். அவரைக் கூப்பிடாமல் இருக்க எனக்கு அந்தப் பாடம் வசதியாக இருந்தது.

செப்டம்பர் 2, திங்கள்

கூப்பிடவில்லை. காலாண்டு வினாத்தாள் தயாரித்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

கூப்பிடவில்லை. மிக்ஸி ரிப்பேர். காயில் போய்விட்டது என்றார் கடைக்காரர்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, தம்பி பேசும்போது அவளையே சொல்லிவிடச் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டில் ஒன்று, கட்டு, எழுத்து எதுவும் அவளுக்குப் புரியவில்லை, தம்பியைக் கேட்க வேண்டும் என்பது புரிந்தது.

"நீயே பேசுட்டி. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒரு தடவ பேசி முடிச்சது போதும்."

என் அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை. அவளுக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாலு வருடமாக ஒரே அடுப்படியில் நிற்கிறோம், நான் கேட்டதில்லை.

பத்து மணிக்கு போன் அடித்தது. நான் மாடிக்குப் போகவில்லை. எடுத்து, "மாமா, நான் வல்லி பேசுறேன்" என்றேன். போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அப்புறம், "நிலவனுக்கு என்ன?" என்றார்.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பாடம் மாதிரிச் சொல்லக் கூடாது என்று நினைத்து, பாடம் மாதிரிதான் சொன்னேன்.

"என் ரத்தம் ஆகாதும்மா. பேங்குல ஒவ்வொரு தடவயும் பாத்துட்டு, ஒமக்கே பத்தாதுய்யா, போயிட்டு வாரும்னு அனுப்பிருதாங்க."

எந்த பேங்கு என்று கேட்டேன். மதுரையில்தான். நிலவனுக்கு ஏற்றுகிற ரத்தத்துக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று, எங்களுக்கு முந்தின நாள் வந்து வரிசையில் நிற்பாராம். அவரும் என்னைப்போல் அந்தப் பிசகைச் சுமக்கிறவர், ஹீமோகுளோபின் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், எடுக்க மாட்டார்கள். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார். எனக்கு இது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

மஜ்ஜைக்கு அது தடை இல்லை என்று சொன்னேன். எப்போது வர வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 14, சனி

மதுரை. நிலவனுக்கு ரத்தம். அவர் திருப்பூர் பஸ்ஸில் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். காதோரம் நரைத்திருக்கிறது. வாயைத் திறந்து பஞ்சுக்குச்சிக்குக் கன்னத்தைக் காட்டிவிட்டு, நிலவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். காயில் கட்டி பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விசிறி செய்து கொண்டுவந்திருந்தார். நிலவன் அதைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். பிரித்தார்கள். நான் வெளியே போய் டீ வாங்கி வந்தேன், மூன்று.

ரத்தம் ஏறி முடிந்ததும் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

காலாண்டு விடைத்தாள். 'ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ.வின் ஜெராக்ஸ்' என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன். பிறகு முழுதாக்கினேன், நான் சொன்னதுதானே.

அக்டோபர் 9, புதன்

இடைவேளையில் டாக்டர் பர்வீன் கூப்பிட்டார். அப்பா முழுப் பொருத்தம்.

ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே கேட்டேன். முழுப் பொருத்தமா, பாதியா என்று இரண்டு தடவை கேட்டேன். முழு, முழு என்றார். தலைமையாசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு என்ன விஷயம் என்று கேட்டார். "பிள்ளைங்க அப்பாவோடது பொருந்திருச்சு" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அடுத்த பீரியடுக்குப் போய்ப் பாடம் நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். செய்ததற்கு ஒரு நல்லதாவது வந்ததே என்று நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். ஊரில் யாராவது வந்து, பார்த்தாயா, சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளை பிழைத்தான் என்று பேசினால் மட்டும் சும்மா விடமாட்டேன். நோயும் அதே வழியில்தான் வந்தது. ஆறாவது குரோமோசோம் நமக்கு நல்லபடி விழுந்தது, ஹீமோகுளோபின் எழுதியிருக்கிற பதினொன்றாவது கெட்டபடி விழுந்தது. யாரும் திட்டம் போட்டு எழுதவில்லை.

ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. அதை எழுதாமல் இருக்க முடியாது. சந்தோஷமாக இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

சென்னை. நிலவனைத் தனி அறையில் வைத்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவு. கூட ஒருத்தர்தான் இருக்கலாம், நான் இருக்கிறேன். இலக்கியா அம்மாவோடு ஊரில். அவர் மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறார். அவன் மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். அழித்தபின் திரும்பிப் போக வழி கிடையாது. கையெழுத்துப் போட்டோம், முதலில் அவர், அப்புறம் நான்.

நவம்பர் 17, ஞாயிறு

வாந்தி. தலைமுடி தலையணையில். வாயெல்லாம் புண். 'நான் கெட்டது எதுவும் பண்ணலியே' என்று கேட்டான். இல்லடா என்றேன். சாயந்திரம் அவர் கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் அவனோடு பேசினார். நீரில் மூழ்கும் மோட்டாரில் தண்ணீர் எப்படிக் காயிலுக்குள் போகாமல் இருக்கிறது என்று விளக்கினார். நிலவன் வாந்தி எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

நவம்பர் 21, வியாழன்

காலையில் அவருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். மதியம் நிலவனுக்கு ஏற்றினார்கள். பார்க்கச் சாதாரண ரத்தப் பை மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் அடர்த்தி. அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை.

நவம்பர் 30, சனி

புது மஜ்ஜை ஒட்டினால் வெள்ளை அணு தெரிய வேண்டும், இன்னும் பூஜ்யம்தான். காய்ச்சல் நூற்று மூன்று. எதுவும் எழுத ஓடவில்லை.

டிசம்பர் 4, புதன்

பூஜ்யம். கண்ணாடிக்கு வெளியே அவர், உள்ளே நான். இருட்டும்வரை நின்றார், இடுப்பு வலியோடு.

டிசம்பர் 7, சனி

வெள்ளை அணு தெரிய ஆரம்பித்திருக்கிறது. இருநூறு. கண்ணாடியில் விரலால் எழுதிக் காட்டினேன். அவர் திரும்பிக்கொண்டு சட்டையில் முகத்தைத் துடைத்தார்.

டிசம்பர் 19, வியாழன்

தனி அறையிலிருந்து வெளியே வந்தாயிற்று. நிலவன் ஒன்றரை இட்லி சாப்பிட்டான். ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் வந்து, தாண்டிப் போய்விட்டது. ஏற்றவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

அரையாண்டு லீவுக்கு அம்மாவும் இலக்கியாவும் வந்திருக்கிறார்கள். அம்மாவை நிலவனோடு விட்டுவிட்டு, புது மஜ்ஜை ஒட்டியதா என்று பார்த்த சோதனையின் முடிவை வாங்கப் போனேன்.

ஜோயல்தான் உட்கார்ந்து விளக்கினார். இந்த முறை நான் எழுந்துபோகவில்லை. ஒவ்வொருவர் டி.என்.ஏ.விலும் சில இடங்களில் எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன, எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். முன்பு நிலவனிடம் எடுத்து வைத்ததையும் அவன் அப்பாவிடம் எடுத்ததையும் இப்போது அவன் உடம்பில் ஓடும் ரத்தத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். முழுக்க அப்பாவினுடையது. நிலவனுடைய பழையது மருந்துக்குக்கூட இல்லை. மஜ்ஜை நன்றாக ஒட்டிவிட்டது, இனி அவனே ரத்தம் செய்துகொள்வான். தோல், முடி எல்லாம் அவன்தான். ரத்தத்தை மட்டும் எடுத்துச் சோதித்தால் அவன் அப்பா என்றுதான் வரும்.

பின்தெரு அறைக்கு நடந்தேன். கதவு திறந்திருந்தது. அவர் கொடியில் கிடந்த சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மில்லில் லீவு முடிகிறதாம், சாயந்திரம் திருப்பூர் பஸ். வேலை முடிந்தது, கிளம்ப வேண்டியதுதானே என்பதுபோல் பேசினார். முடிவைச் சொன்னேன். ஜோயல் சொன்னபடியே சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவன் ரத்தம் கொஞ்சம்கூட இல்லையா?"

"இல்ல மாமா."

"இனிமே மாறாதா?"

மாறக் கூடாது, மாறாமல் இருந்தால்தான் பிழைப்பான் என்றேன். அவர் கையிலிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு நீ சொன்னியே வல்லி, உங்க ரத்தம் ஒரு சொட்டுகூட எம்பிள்ள ஒடம்புல இருக்கக்கூடாதுன்னு. இப்ப அவன் ஒடம்பு பூரா அதுதான் ஓடுது. உனக்கு இது சம்மதமா?"

குத்திக்காட்டவில்லை. அவருக்குக் குத்திக்காட்ட வராது. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. நான் சொன்ன வார்த்தையை நாலு வருடமாக அப்படியே நம்பி, அதற்குக் கட்டுப்பட்டுத் தள்ளி நின்றிருக்கிறார். இப்போது அதை மீறிவிட்டோமோ என்ற பயத்தில் நிற்கிறார்.

சம்மதமா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குத் தேதி குறித்தபோது அம்மா கேட்கவில்லை. அன்றைக்கு அவரும் கேட்கவில்லை, அவரிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கோபத்தைத்தான் இத்தனை வருடம் ரத்தம், எழுத்து, வம்சம் என்று வேறு வேறு பெயரில் அவர் மேல் கொட்டியிருக்கிறேன்.

அவர் காத்திருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுது முடிக்கும்வரை சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சம்மதம் மாமா" என்றேன். "பஸ்ஸுக்குப் போகாதீங்க."